முதல் முக்கால் மணி நேரம் உங்களுக்கு

வாசகி எழுதியது:

கிருஷ்ணகிரி நகரில் வீட்டிலேயே பியானோ வகுப்பு நடத்தும் வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36. சிறு வயதில், சர்ச்சில் ஆர்கன் வாசித்த ஒரு பெரியவரிடம் கற்றுக்கொண்டவர். கல்லூரி நாட்களில், எட்டுப் படிகள் கொண்ட பியானோ கிரேடு தேர்வில் ஐந்தாம் கிரேடு முடித்தார். தியரி (இசை இலக்கணம்) தேர்வு எழுதியதில்லை. பதினோரு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறார், இப்போது 26 பிள்ளைகள். திங்கள் முதல் சனி வரை மாலை 5 முதல் 8 மணி வரை, மும்மூன்று பேராகச் சேர்த்து ஒரு மணி நேர வகுப்பு. ஒவ்வொரு பிள்ளையும் வாரம் இரண்டு முறை வருகிறது. வீட்டில் 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்று, 61 கட்டை கீபோர்டு இரண்டு. கட்டணம் மாதம் 900 ரூபாய். மே மாதத்துக்கு யாரும் தருவதில்லை.

சமீபத்தில் ஊரில் திறந்த ஓர் அகாடமி ‘ஆறு மாதத்தில் மூன்றாம் கிரேடு’ என்று போர்டு வைக்க, நான்கு பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் பெற்றோரும் ‘வருடம் ஒரு கிரேடு முடித்தாக வேண்டும்’ என்கிறார்கள். பிள்ளைகளோ யூடியூபில் வண்ணக் கோடுகள் விழுவதைப் பார்த்து சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள். நோட்டேஷனைத் திறந்தால் முகம் சுளிக்கிறார்கள். வலது மணிக்கட்டில் வலி வேறு. கணவர், ‘பேசாமல் ஸ்கூல் வேலைக்குப் போ’ என்கிறார். “நான் எனக்காகப் பியானோ வாசித்து மூன்று வருடமாகிறது. பாடம் முடிந்ததும் மூடியைச் சாத்தினால் போதும் என்றிருக்கிறது. டிப்ளமோ படித்தால் இது மாறுமா? இந்த வயதில் முடியுமா? பெங்களூரில் ஒரு பழைய அப்ரைட் பியானோ 2,20,000 ரூபாய்க்கு வருகிறது, கடன் போட்டு வாங்கலாமா? என் ஏழு வயது மகளுக்கு நானே சொல்லித்தரலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் டிப்ளமோவுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். மூன்று வருடமாக உங்களுக்காக வாசிக்கவில்லை என்பதற்கு ஒரே ஒரு வரிதான். நான் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

அதற்கும் முன்னால் மணிக்கட்டு. இரண்டு கீபோர்டுகளையும் சாப்பாட்டு மேசை மேல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மேசை சுமார் 75 செ.மீ. உயரம் இருக்கும். மேலே கீபோர்டின் கனம் 8 முதல் 10 செ.மீ. ஆக, கட்டைகள் தரையிலிருந்து 83, 85 செ.மீ. உயரத்துக்குப் போய்விடுகின்றன. பியானோவில் வெள்ளைக் கட்டையின் மேல்மட்டம் ஏறக்குறைய 72 முதல் 74 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். பத்து செ.மீ. கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். நீங்கள் பிள்ளையின் பக்கத்தில் நின்றபடி குனிந்து வாசித்துக் காட்டுகிறீர்கள். வாரம் பதினெட்டு மணி நேரம் அந்த வளைவிலேயே கை இருக்கிறது. இன்றே டேப் எடுத்து அளந்து பாருங்கள். உயரம் மாற்றக்கூடிய இரும்பு ஸ்டாண்டில் கீபோர்டை 73 செ.மீ.க்கு இறக்குங்கள். முழங்கை கட்டையின் மட்டத்தில், முன்கை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இருக்கையை உயர்த்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடலாம். ஆனால் கால் தொங்கக் கூடாது, பாதத்துக்கு அடியில் ஒரு மணைப்பலகை வேண்டும். கால் ஊன்றாத பிள்ளை முதுகால் தன்னைத் தாங்கிக்கொள்கிறது. அந்த இறுக்கம் விரல் வரை வரும். நீங்களும் இனி நின்று காட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஓர் ஆக்டேவ் தள்ளி வாசித்துக் காட்டுங்கள்.

வலியோடு வாசித்துப் பழகினால் கை உறுதிப்படும் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. வலி வந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள் கொள்ளலாம். அதைத் தைலம் தேய்த்துத் தள்ளிப்போடாமல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டிவிடுங்கள்.

உங்கள் வாசிப்பு

காலையில் முக்கால் மணி நேரம். மகள் எழுவதற்கு முன்போ, அவள் பள்ளிக்குப் போன பிறகோ. டிஜிட்டல் பியானோ இருப்பதால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஐந்தரை மணிக்கே உட்காரலாம். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவில்லை. ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் மெதுவான ஸ்கேல் (ஏறி இறங்கும் சுர வரிசை), இரண்டு கையும் சேர்த்து, மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, அடிக்கு ஒரு சுரம். வேகத்துக்காக இதைச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு சுரமும் ஒரே கனத்தில் விழுகிறதா என்று கேட்பதற்காகச் செய்யுங்கள். கட்டைவிரல் அடியில் நுழையும் இடத்தில் ஒரு சுரம் துருத்திக்கொண்டு கேட்கும். அதைச் சரிசெய்யவே இரண்டு வாரம் ஆகும், பரவாயில்லை. அடுத்த இருபத்தைந்து நிமிடம் ஒரு புதிய இசை உருப்படி. உங்கள் பழைய ஐந்தாம் கிரேடு அளவிலேயே, நீங்கள் இதுவரை வாசிக்காத ஒன்றாக எடுங்கள். நான்கு நான்கு பாராக (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) பிரித்து, முதலில் தனித்தனிக் கை, பிறகு சேர்த்து. மூன்று முறை தொடர்ந்து பிழையில்லாமல் வந்தால் மட்டும் மெட்ரோனோம் வேகத்தில் நான்கு கூட்டுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் உங்களுக்குப் பிடித்தது. ஞாயிறு ஆராதனையில் வாசித்த கீர்த்தனையோ, பழைய சினிமாப் பாட்டோ எதுவானாலும் சரி. தப்பு வந்தால் திரும்பிப் போகாமல் கடைசி வரை வாசித்து முடிக்க வேண்டும். பதினோரு வருடமாக உங்கள் காது பிறர் தப்பைப் பிடித்துப் பிடித்தே பழகிவிட்டது. அந்தக் காதை உங்கள் மேலேயே திருப்பினால் நாலு பாருக்கு மேல் வாசிக்கவிடாது. மூடியைத் திறக்கக் கசப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. கண்காணிக்கும் காதோடு மட்டுமே இத்தனை நாள் பியானோ முன் உட்கார்ந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். இந்தப் பத்து நிமிடத்தை எந்தச் சாக்குச் சொல்லியும் விடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பதிவு எடுங்கள். அன்றே கேட்காதீர்கள், கையின் நினைவு அப்போது இன்னும் சூடாக இருக்கும். திங்கள் காலை கேட்டு மூன்று விஷயம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: தாளம் எங்கே ஓடுகிறது, இடது கை எங்கே வலது கையை மூடுகிறது, சொற்றொடர் முடியும் இடத்தில் கை அடங்குகிறதா, அறைகிறதா. நான்கு மாதப் பதிவுகளை வரிசையாகக் கேட்டால் வளர்ச்சி உங்கள் காதுக்கே தெரியும்.

டிப்ளமோ

முதலில், ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். வீட்டில் பியானோ சொல்லிக்கொடுக்க எந்தச் சான்றிதழும் சட்டப்படி தேவையில்லை. பதினோரு வருடமாக நீங்கள் செய்வது முறைகேடு எதுவுமில்லை. தேர்வுக்கு வயது வரம்பும் கிடையாது. 36 வயது இதற்குத் தாமதமே இல்லை.

ஆனால் ஐந்தாம் கிரேடிலிருந்து நேரே டிப்ளமோவுக்குத் தாவலாம் என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் தகுதி அட்டவணையில் நான்கு, ஐந்தாம் கிரேடுகள் 2ஆம் நிலை. ஆறு முதல் எட்டு வரை 3ஆம் நிலை. ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்னும் இரண்டு பிரிட்டிஷ் தேர்வு வாரியங்களின் ஏடிசிஎல், ஏஆர்எஸ்எம் போன்ற முதல் டிப்ளமோக்கள் 4ஆம் நிலை. அதற்கு அடுத்த எல்டிசிஎல், எல்ஆர்எஸ்எம் 6ஆம் நிலை. நடுவில் உள்ளதைக் கையும் காதும் கடந்துதான் ஆக வேண்டும். எல்லாக் கிரேடையும் வரிசையாக எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆறை விட்டுவிட்டு ஏழு எழுதலாம். இரண்டு வாரியங்களுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடோ அதற்கு மேலோ எழுத ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான ஒன்றோ கையில் இருக்க வேண்டும். ட்ரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. இருந்தாலும் தியரி எழுதிவிடுங்கள் என்றே சொல்வேன். நீங்கள் காதால் அறிந்து வைத்திருப்பதற்கெல்லாம் அது பெயர் கொடுக்கும். சொல்லிக்கொடுப்பவருக்கு அந்தப் பெயர்கள் வேண்டும்.

உங்கள் நிலையில் நான் பார்க்கும் வரிசை இது: முதல் ஆறு மாதம் தேர்வே வேண்டாம், மேலே சொன்ன முக்கால் மணி நேரம் மட்டும். அதோடு வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் தியரி. ஒன்றரை வருடத்தில் ஏழாம் கிரேடு, மூன்றாம் வருடம் எட்டு. அதன் பிறகு டிப்ளமோ. வாசிப்புக்கென்று இருப்பதுபோல் கற்பித்தலுக்கென்றும் தனி டிப்ளமோக்கள் உண்டு, உங்களுக்கு அதுதான் பொருந்தும். இதற்கு உங்களுக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். பெங்களூர் 90 கிலோமீட்டர். மாதம் ஒரு முறை நேரில், நடுவில் ஒரு முறை ஆன்லைனில் என்று வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். ஆன்லைன் பாடத்துக்கு ஃபோனைப் பக்கவாட்டில், தோள் உயரத்தில், கையும் முகமும் தெரியும்படி வையுங்கள். ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பை ஆன் செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பியானோவின் நீளும் நாதத்தை இரைச்சல் என்று எண்ணி அந்தச் செயலி வெட்டிவிடும், உங்கள் பெடல் வேலை எதுவும் ஆசிரியர் காதுக்குப் போகாது.

டிப்ளமோ வந்தால் போன நான்கு பிள்ளைகள் திரும்பி வருவார்களா என்றால், வரமாட்டார்கள். அந்த டிப்ளமோ எழுத்துக்களை வாசலில் எழுதிப் போட்டாலும் பெற்றோருக்கு ஏடிசிஎல்லுக்கும் எல்டிசிஎல்லுக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. யாரும் சொல்லாமலே பிள்ளை பியானோ முன் போய் உட்காருகிறதா என்பதை அவர்கள் பார்க்கிறார்கள்.

வருடம் ஒரு கிரேடு என்னும் கணக்கு

கிரேடு என்பது பள்ளி வகுப்பு மாதிரி என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்களும் பாதி அப்படியே நினைக்கிறீர்கள். தேர்வுக்கு மூன்று உருப்படி போதும். அந்த மூன்றையே வருடம் முழுக்க உருப்போட்டால் பிள்ளை பாஸாகும், நான்காவது உருப்படியைத் தானாகப் படிக்கத் தெரியாது. மூன்றாம் கிரேடில் பாதிப் பேர் நின்றுபோவது இதனால்தான் என்று நீங்களே குறைப்பட்டிருக்கிறீர்கள்.

ட்ரினிட்டி மதிப்பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100. மூன்று உருப்படிகளுக்கு 22 வீதம் 66, ஸ்கேல் உள்ளிட்ட விரல் பயிற்சிக்கு 14, மற்ற இரண்டு சோதனைகளுக்குப் பத்துப் பத்து. பாஸ் 60, மெரிட் 75, டிஸ்டிங்ஷன் 87. உருப்படியை மட்டும் தேய்த்த பிள்ளை பார்த்தவுடன் வாசிப்பதிலும் கேட்கும் திறனிலும் அந்த இருபதில் பாதியை இழந்தால், டிஸ்டிங்ஷன் எட்ட மற்ற எண்பதில் மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் விட முடியாது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் காட்டுங்கள். மதிப்பெண் மொழியில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். வருடத்துக்குச் சின்னதும் பெரிதுமாக 25 உருப்படிகள், அதிலிருந்து மூன்றைத் தேர்வுக்கு எடுப்போம் என்று இலக்கை மாற்றுங்கள். 25இல் பாதி ஒரே வாரத்தில் முடியும் எளியவையாக இருக்கட்டும். அகாடமியின் போர்டைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேர்வுப் புத்தகங்களுக்குப் பதிப்புரிமை உண்டு. தேர்வறைக்கு அசல் புத்தகத்தோடுதான் போக வேண்டும். இந்தியச் சட்டப்படி படைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். பாக், ஷூமான் போன்றவர்களின் பழைய பதிப்புகளைப் பொதுவெளி நூலகமான ஐஎம்எஸ்எல்பியிலிருந்து தாராளமாக அச்செடுக்கலாம். உங்கள் 25இல் பெரும்பகுதி அங்கேயே கிடைக்கும்.

மோகனத்தில் தொடங்கும் வகுப்பு

பள்ளி வேன் இறக்கிவிட்ட கையோடு, பசியும் தூக்கமுமாக வரும் பிள்ளையை ஸ்கேலில் உட்கார வைக்கிறீர்கள். முதல் ஐந்து நிமிடத்தை வேறு விதமாகத் தொடங்கிப் பாருங்கள். கறுப்புக் கட்டைகள் மட்டும். நீங்கள் கீழ் ஸ்தாயியில் நாலரைக் கட்டையையும் ஒன்றரைக் கட்டையையும், அதாவது எஃப் ஷார்ப், சி ஷார்ப் இரண்டையும் ஸ, ப என்று பெடலோடு நிதானமாக விட்டு விட்டு வாசியுங்கள். பிள்ளை மேலே கறுப்புக் கட்டையில் எதை வேண்டுமானாலும் தொடட்டும். எதைத் தொட்டாலும் மோகனத்தின் சுரம்தான். தப்புச் சுரம் என்று ஒன்று அங்கே கிடையாது. பாட்டி பாடிக் கேட்ட காதுள்ள பிள்ளை இரண்டாவது நிமிடத்தில் தானாக ஸட்ஜத்துக்கு வந்து நிற்கும். சுருதி என்றால் என்ன என்று நீங்கள் விளக்கவே வேண்டாம்.

அடுத்த வாரம் அதே ஐந்து கட்டைகள், ஸட்ஜத்தை மட்டும் நகர்த்துங்கள். ஐந்தரைக் கட்டை (ஜி ஷார்ப்) ஸ ஆனால் மத்யமாவதி. ஒன்றரைக் கட்டை ஸ ஆனால் சுத்த சாவேரி. இரண்டரை (டி ஷார்ப்) ஸ ஆனால் சுத்த தன்யாசி. ஆறரை (ஏ ஷார்ப்) ஸ ஆனால் ஹிந்தோளம். ஹிந்தோளத்தில் பஞ்சமம் இல்லை, அதனால் கீழே ஸ, ம பிடிக்க வேண்டும். ஐந்து கட்டையில் ஐந்து ராகம். கர்நாடக இசைக்காரர்கள் கிரக பேதம் என்று சொல்வது இதைத்தான். ஒரு எச்சரிக்கை: பியானோவில் இரண்டு கட்டைக்கு நடுவில் சுரம் கிடையாது, கமகம் வராது. ‘இது மோகன ராகம்’ என்று சொல்லாமல் ‘இவை மோகனத்தின் சுரங்கள்’ என்று சொல்லுங்கள். பாட்டு வகுப்புக்கும் போகும் பிள்ளை வீட்டில் குழம்பாமல் இருக்கும்.

இது பொழுதுபோக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், கைக்கும் நல்லது. நீண்ட நடு விரல்கள் கறுப்புக் கட்டையில் இயல்பாக அமர்கின்றன. ஷோப்பான் தன் மாணவர்களின் கையை இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்ற ஐந்து கட்டைகளில் வைத்துத்தான் பழக்கினார். எல்லாம் வெள்ளையாக இருக்கும் சி மேஜர் கண்ணுக்கு எளிது, கைக்கு அதுதான் கஷ்டம்.

பிறகு பார்த்தவுடன் வாசித்தல், எட்டு நிமிடம். பிள்ளையின் கிரேடுக்கு இரண்டு படி கீழே உள்ளதாக இருக்கட்டும். ஒரே விதி, நிற்கக் கூடாது. தப்பினாலும் தாளத்தை விடாமல் போக வேண்டும். வாசித்து முடித்த பாரை நீங்கள் ஒரு அட்டையால் மூடிக்கொண்டே வாருங்கள், கண் தானாக முன்னே ஓடும். அதன் பிறகு ஒரு கால் மணி நேரம் அன்றைய உருப்படி. மிச்ச நேரத்தில் பிள்ளை கொண்டுவந்த பாட்டு.

அந்த யூடியூப் பாட்டுகளைத் தடுக்காதீர்கள். வண்ணக் கோடு எந்தக் கட்டை, எப்போது என்று மட்டும் காட்டும். எந்த விரல், எங்கே மூச்சு, எங்கே தாளத்தின் அடி என்று காட்டாது. அதனால்தான் நடுவில் ஒரு சுரம் வழுக்கினால் பிள்ளை முதலிலிருந்து தொடங்குகிறது. வீடியோவை அணைத்துவிட்டு, முதலில் பாட்டைப் பாடச் சொல்லுங்கள். ஸட்ஜம் எது என்று கண்டுபிடிக்கட்டும். பிறகு இடது கையில் ஒரே ஒரு அடிச்சுரம், பாருக்கு ஒன்று. பெரும்பாலும் ஸ, ம, ப மூன்றுக்குள் முடிந்துவிடும். அதை நோட்டில் பிள்ளையே எழுதட்டும். முகம் சுளிக்காமல் நோட்டேஷன் எழுதப் பழகும் வழி இது.

வீட்டுப் பயிற்சிக்கு ‘பத்து முறை வாசி’ என்று எழுதாதீர்கள். ‘5 முதல் 8 பார் வரை, இடது கை, 60 வேகம், தொடர்ந்து மூன்று முறை சரியாக’ என்று எழுதுங்கள். பத்து முறை என்றால் தப்பையும் பத்து முறை பழகிவிட்டு வருவார்கள்.

இதெல்லாம் மூன்று பேரை ஒன்றாக உட்கார வைத்தால் நடக்காது. உங்கள் கணக்கையே பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் என்றால் ஆளுக்கு இருபது நிமிடம், வாரம் இரண்டு முறை, ஆக நாற்பது. அதே நாற்பது நிமிடத்தை வாரம் ஒரு நாள், தனியாகக் கொடுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஐந்து பேர், 4.40 முதல் 8 வரை. மிஞ்சும் ஒருவர் சனி காலை. சனி மாலை ஒரு மணி நேரம் ஆறேழு பேர் சேர்ந்த வகுப்பு. நான்கு குழுக்களாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு முறை வரும். அங்கே பாடுவது, தட்டுவது, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவது. உங்களுக்கு மொத்த நேரம் வாரத்துக்கு இருபது நிமிடம்தான் கூடுகிறது, சனிக்கிழமை லேசாகிறது. ‘ஒரு நாள் குறைந்துவிட்டதே’ என்பார்கள் பெற்றோர். அவர்களுக்கு இந்த நாற்பதின் கணக்கைச் சொல்லுங்கள்.

வகுப்பறைக் கதவு திறந்திருக்கட்டும், விரும்பும் பெற்றோர் உள்ளே உட்காரட்டும். பிள்ளையின் கையைத் தொட்டுத் திருத்தும் முன் ‘தொடலாமா கண்ணு’ என்று கேட்டுவிடுங்கள். வீடியோவை ஸ்டேட்டஸில் போடுமுன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அப்ரைட் பியானோ

கடன் போட்டு வாங்க வேண்டாம். அப்ரைட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள், எல்லாம் சேர்ந்து பதினைந்து, இருபது டன் இழுவிசையில் நிற்கின்றன. உள்ளே இருப்பது மரப்பலகை. சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கும், ஐப்பசி ஈரத்தில் உப்பும். வருடம் இரண்டு முறை டியூனிங் செய்தாக வேண்டும். டியூனர் பெங்களூரிலிருந்து வர வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பல வருடம் டியூன் செய்யாத பியானோவின் சுருதி இறங்கியிருக்கும். ஏற்றும்போது கம்பி அறுவதும் உண்டு. கரையான், ஃபெல்ட்டைக் கடிக்கும் எலி, கம்பி சுற்றிய முளையை இறுகப் பிடிக்காத மரம் ஆகியவை வெளியே பளபளக்கும் பியானோவிலும் இருக்கலாம். பின்னால் எப்போதாவது வாங்கினாலும், விற்பவருக்கு வேண்டாத ஒரு டியூனரை அழைத்துப் போய் மூடியைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்போதைய தேவை வேறு. தேர்வு மையத்துப் பியானோவில் ஒரு கட்டையை அழுத்த ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும். 61 கட்டை கீபோர்டில் பழகிய பிள்ளைக்கு அங்கே சத்தமே எழும்பாது. தனி வகுப்புக்கு மாறினால் மூன்று கருவி தேவைப்படாது. கீபோர்டுகளில் ஒன்றை விற்றுவிட்டு, டிஜிட்டல் பியானோவுக்குக் கனமான ஸ்டாண்டும் நகராத பெடலும் வாங்குங்கள். ஊரில் அக்குஸ்டிக் பியானோ உள்ள சர்ச்சிலோ பள்ளியிலோ வாரம் ஒரு மணி நேரம் அனுமதி கேளுங்கள்; பதிலுக்கு மாதம் ஒரு ஞாயிறு வாசித்துக்கொடுங்கள்.

கட்டணமும் பள்ளி வேலையும்

மே மாதச் சிக்கலுக்கு மாதக் கணக்கை விட்டு வருடக் கணக்குக்கு வாருங்கள். விடுமுறை, பண்டிகை, தேர்வு எல்லாம் கழித்து வருடம் 40 தனி வகுப்பு என்று முடிவு செய்யுங்கள். ஒரு வகுப்புக்கு 270 ரூபாய் என்றால் வருடத்துக்கு 10,800. மாதம் 900 வீதம் பன்னிரண்டு மாதம், அல்லது 3,600 வீதம் மூன்று தவணை. மாதத் தொகை கூடவில்லை, ஆனால் 26 பிள்ளைகளுக்குமாக இழந்துகொண்டிருந்த 23,400 ரூபாய் திரும்பிவிடும். ஒரு பக்கத்தில் விதிகளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வராவிட்டால் முந்தைய நாளே சொல்ல வேண்டும், தவணைக்கு ஒரு வகுப்புக்கு மட்டும் ஈடு, நீங்கள் விடுப்பு எடுத்தால் கண்டிப்பாக ஈடு, நிற்பதானால் ஒரு மாத முன்னறிவிப்பு. ஜூனில் தொடங்குங்கள், நடுவருடத்தில் மாற்ற வேண்டாம்.

கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நிலையான சம்பளம் சின்ன விஷயமில்லை. பள்ளியில் பேசும்போது சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். ஒரு பீரியடில் எத்தனை பிள்ளைகள், எத்தனை கருவிகள், ஆண்டு விழாவுக்கு முந்தைய மாதம் மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள், வீட்டு வகுப்பு நடத்தத் தடை உண்டா. பதிலை நியமனக் கடிதத்தில் எழுத்தாக வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நகல் போதும். என் விருப்பம், வாரம் இரண்டு காலை மட்டும் வருகைதரு ஆசிரியராகப் போவது. வீட்டு வகுப்பும் காலை முக்கால் மணி நேரமும் தப்பும்.

ஒசூரிலும் தர்மபுரியிலும் உங்களைப்போல் தனியாகச் சொல்லிக்கொடுப்பவர்களைத் தேடுங்கள்; சர்ச் ஆர்கன் வாசிப்பவர்கள், பாடகர் குழு நடத்துபவர்கள் உட்பட. நான்கு பேர் போதும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் வீட்டில் கூடி, ஆளுக்கு ஒன்று வாசித்து, வகுப்பில் தீராத ஒரு சிக்கலைப் பேசுங்கள். முதல் கூட்டத்தில் வாசிக்கக் கை நடுங்கும். உங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வறையில் என்ன நேர்கிறது என்று அப்போது நினைவுக்கு வரும்.

கடைசியாக உங்கள் மகள். அந்த நான்கு பேரில் ஒருவரிடம் அவளை அனுப்புங்கள்; அவர் வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள், பணப் பேச்சு வேண்டாம். அம்மாவே டீச்சராகிவிட்டால் சாப்பாட்டு நேரத்திலும் அவளுக்குப் பாடம் ஓயாது. வீட்டில் அவள் வாசிக்கும்போது சமையலறையிலிருந்து திருத்தாதீர்கள். இரவில் பத்து நிமிடம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து நான்கு கையால் வாசியுங்கள். மேல் பக்கம் அவளுடையது, கீழே ஸ, ப பிடிப்பது நீங்கள்.